வெளிப்பூச்சுக்குக் கட்டின சாரம் ஆடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
அண்ணா, கொழிஞ்சாம்பாறை பக்கம் இரண்டு மாடி வீடு கட்டுகிறோம். மேஸ்திரி சவுக்குக் கம்பும் கயிறும் வைத்துச் சாரம் கட்டியிருக்கிறார், பொள்ளாச்சியிலிருந்து வரும் ஆட்கள் ஏறினால் ஆடுகிறது, பயமாக இருக்கிறது. பைப் சாரம் வாடகைக்கு எடுத்தால் சரியாகிவிடுமா?

பதில் 1:
முதலில் ஆட்களை இறக்குங்கள் தம்பி. கம்பா பைப்பா என்பது அப்புறம். அடியைப் பாருங்கள், கால்கள் வெறும் மண்ணில் நின்றால் ஒரு மழைக்கே ஒரு கால் இறங்கி மொத்தமும் சாயும், அதனால் கெட்டிப் பலகை போட்டு நிறுத்தணும், செங்கல் துண்டு வேண்டவே வேண்டாம், நொறுங்கிவிடும். மூலைவாட்டில் குறுக்குக் கம்பு இல்லையென்றால் ஆடத்தான் செய்யும். சாரத்தின் உயரம் அதன் அடிப்பக்க அகலத்தைப் போல 4 மடங்கைத் தாண்டினால் கட்டடத்தோடு இழுத்துக் கட்டணும். ஜன்னல் சட்டத்தில் கட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், பெயர்ந்து வந்துவிடும். சாரத்துக்கென்றே ஐ.எஸ். 3696 என்ற இந்தியத் தரவிதி இருக்கிறது, இன்ஜினியரிடம் கேளுங்கள்.

பதில் 2:
பைப் எடுத்தால் பக்கத்தில் கரண்ட் லைன் போகிறதா பாருங்கள். நீளமான பைப்பைத் தூக்கி நிறுத்தும்போதுதான் ஆபத்து, மின்வாரிய ஆபீஸில் சொல்லி லைனை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். ஐப்பசி மதியங்களில் இங்கே இடி மின்னல் அதிகம், முதல் சத்தம் கேட்டதுமே இறங்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
ஆட்களுக்குப் பாதுகாப்பு பெல்ட் வாங்கித் தருகிறேன், சாரத்திலேயே கொக்கி மாட்டலாமா?

பதில் 1:
கூடாது தம்பி, சாரம் சாய்ந்தால் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். மாடியில் கான்கிரீட் தூணில் தனிக் கயிறு கட்டி அதில் மாட்டுங்கள். இடுப்பு பெல்ட் வேண்டாம், தோளும் தொடையும் சேர்த்துப் பிடிக்கிற முழு பெல்ட் வாங்குங்கள்.