அப்புச்சி வீட்டுக் குழு: ஞாயிற்றுக்கிழமை மீன்

சனி, மாலை 6:10

சித்தி: நாளைக்கு திவ்யாவுக்கும் மாப்பிள்ளைக்கும் விருந்து. எல்லோரும் 11 மணிக்குள் வந்துவிடுங்கள். சின்ன அண்ணன் 8 கிலோ மீன் வாங்கிக் கொடுத்துவிட்டார். அதனால் கறிக்குச் சொல்லவில்லை.

அம்மா: என்ன மீன்?

சித்தி: கட்லா இரண்டு. மற்றதெல்லாம் ஜிலேபி.

பெரிய மாமா: எங்கே பிடித்தது?

சின்ன மாமா: பவானிசாகர் அணை மீன் அண்ணா.

பெரிய மாமா: பவானிசாகருக்கே போய் வாங்கினாயா?

சின்ன மாமா: சென்னிமலை ரோட்டில். வண்டியில் வைத்து விற்றார்கள்.

பெரிய மாமா: அப்படியானால் அது ஒரத்துப்பாளையம் அணை மீன்.

சின்ன மாமா: பலகையில் பவானிசாகர் என்றுதான் எழுதியிருந்தது.

பெரிய மாமா: பலகையில் எழுத என்ன செலவு?

கவின்: ஆரம்பித்துவிட்டது.

அம்மா: [படம்] இதைப் பார்த்தீர்களா? மீனெல்லாம் செத்து ஒதுங்கிக் கிடக்கிறது. நம் அணைதான் என்று எங்கள் வீதிக் குழுவில் போட்டிருக்கிறார்கள்.

நான்: அம்மா, படத்தின் ஓரத்தில் பனிமலை தெரிகிறது.

அம்மா: செத்தது மீன்தானே?

சித்தப்பா: பதற்றம் வேண்டாம். நிதானமாகக் கேளுங்கள். ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டியது 1992-இல். நொய்யல் தண்ணீரைத் தேக்கி ஈரோடு, கரூர் பக்கம் 20,000 ஏக்கருக்குப் பாய்ச்சத் திட்டம். மேலே திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். சாயம் நூலில் ஏறியதும் உப்பின் வேலை முடிந்தது. அது துணியோடு போவதில்லை, கழிவுநீரோடு வெளியேறிவிடும். சாதாரண வடிகட்டியில் அதைப் பிரிக்கவும் முடியாது. அவ்வளவும் நொய்யலில் இறங்கி அணையில் வந்து நின்றது. பாசனத்துக்கு என்று கட்டிய அணை, சாயக் கழிவுக்குத் தொட்டியாகிவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று 2006-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. நடக்கவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லிவிட்டது. 700-க்கும் மேல் மூடின. கழிவைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த ஏற்பாடு செய்தவை பிறகு திறந்தன. இது உப்பின் கதை. உலோகத்தின் கதை வேறு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

கவின்: மாமா, இதற்குத் தேர்வு உண்டா?

சித்தி: நான் கேட்டது மசாலா அரைக்கலாமா, வேண்டாமா என்று.

பெரிய மாமா: தங்கை மாப்பிள்ளை சொன்னது அத்தனையும் சரி. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் வாளிக் கயிறு காய்ந்தால் உப்பு வெள்ளையாக உதிரும். இளநீர் வெட்டினால் அதுவும் கரிக்கும். நான்கு மாட்டைப் பாதி விலைக்கு விற்றேன். யார் விட்ட தண்ணீர் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் வாய் இல்லை.

சின்ன மாமா: நேராக என் பெயரைச் சொல்லுங்கள் அண்ணா.

பெரிய மாமா: நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

சின்ன மாமா: அந்தப் பட்டறைப் பணத்தில்தான் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது. உங்கள் பையனின் காலேஜ் கட்டணமும் அதில்தான்.

பெரிய மாமா: கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சின்ன மாமா: பாதி.

அம்மா: கல்யாண மொய் நோட்டு யாரிடம் இருக்கிறது?

சித்தி: உங்களிடம்தான் அக்கா.

அம்மா: என்னிடம் இல்லை. மஞ்சள் பையில் போட்டு மண்டபத்திலேயே பெரிய அண்ணியிடம் கொடுத்தேன்.

பெரிய மாமா: அவள் வாங்கவில்லை என்கிறாள். பை வந்தது, அதில் வெற்றிலைதான் இருந்ததாம்.

கவின்: ஒரு தகவல். மாப்பிள்ளையை நேற்றே இந்தக் குழுவில் சேர்த்தாயிற்று.

பெரிய மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சின்ன மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

திவ்யா மாப்பிள்ளை: அனைவருக்கும் வணக்கம்.

சித்தி: வாருங்கள் மாப்பிள்ளை. நாங்கள் எப்போதும் இப்படித்தான் விளையாட்டாகப் பேசிக்கொள்வோம்.

சித்தப்பா: விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். குரோமியம், செம்பு போன்றவை அடிச்சேற்றில் படியும். மேலே புதுவெள்ளம் வந்தாலும் சேறு அங்கேயேதான் கிடக்கும். சேற்றைக் கிளறித் தின்னும் மீனின் உடம்பில் அது ஏறும். ஈரலிலும் செவுளிலும் அதிகம், சதையில் குறைவு. கொதிக்க வைத்தாலும் போகாது. ஜிலேபி துள்ளுகிறதே என்று ஏமாற வேண்டாம். கெட்ட தண்ணீரிலும் அது தாக்குப்பிடிக்கும். மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கிற விஷயமும் இல்லை, ஆய்வகத்தில்தான் தெரியும். ஒரு வேளை தின்பதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அணையோரம் வலை போட்டுத் தினமும் அதையே குழம்பு வைக்கிறவர்களுக்குத்தான் பாடு.

சித்தி: செவுளில் என்றால் தலையிலா? மீன் தலையை மாப்பிள்ளைக்கு வைப்பதுதானே முறை?

கவின்: மாமாவுக்கே வையுங்கள் அத்தை. விளக்கம் சொன்னவர் அவர்தான்.

நான்: சின்ன மாமா, விற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாதா?

சின்ன மாமா: அவர் எண்ணை யார் வாங்கினார்கள்? நாளை காலை அந்த வழியாகப் போய்ப் பார்க்கிறேன்.

பெரிய மாமா: கேட்டால் உண்மையைச் சொல்லிவிடப் போகிறார்.

சின்ன மாமா: உங்களுக்கு வேண்டாம் என்றால் நீங்கள் சாப்பிட வேண்டாம் அண்ணா.

சித்தி: அம்மா சொல்கிறாள்: இரண்டு பேரும் வாயை மூட வேண்டுமாம். பெரியவன் தோட்டத்திலிருந்து கோழி பிடித்து வர வேண்டுமாம். மீனும் இருக்கட்டுமாம்.

பெரிய மாமா: கோழி இரண்டுதான் தேறும்.

அம்மா: 22 பேருக்கு இரண்டு கோழியா?

சின்ன மாமா: கட்லா பவானிசாகர்தான். அதை நான் அடித்துச் சொல்வேன். ஜிலேபியை வேண்டுமானால் விட்டுவிடுங்கள்.

பெரிய மாமா: ஒரே வண்டியில் இரண்டு அணையா?

சித்தப்பா: உப்பு அளக்கும் கருவி ஒன்று வீட்டில் இருக்கிறது. கொண்டு வரட்டுமா?

சித்தி: அது தண்ணீருக்குத்தானே? மீன் குழம்பில் விட்டுப் பார்க்கப் போகிறீர்களா?

இரவு 9:42

சித்தி: மீனைக் கழுவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். யாராவது முடிவு சொல்லுங்கள். மசாலா மீனுக்கா, கோழிக்கா?

அம்மா: மொய் நோட்டு கிடைத்துவிட்டது. என் பீரோவில்தான் இருந்திருக்கிறது. சின்னத் தம்பி பெயருக்கு நேரே தொகை எழுதவே இல்லையே?

சின்ன மாமா: நாளை நேரில் பேசிக்கொள்ளலாம் அக்கா.