மறு: காஸ்ப்ளே கவசம் – ‘வெப்ப உருவமைப்பு’ வேண்டாம், ‘வாட்டுதல்’ போதுமே

அன்புள்ள குழுவினருக்கு,

காஸ்ப்ளேக்காக, அதாவது படம், காமிக்ஸ் பாத்திரங்களைப் போல வேடமிடுவதற்காக, செய்யும் கவசம் பற்றிய தமிழ்ச் சொற்களைத் தேடும் இந்த மடல் இழை நீண்டுவிட்டது. எல்லா மடல்களுக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன்.

> ‘போலிக் கவசம்’ என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

வேண்டாம் ஐயா. போலி என்றதும் போலி மருந்தும் போலி டாக்டரும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அட்டையில் கவசம் செய்து கட்டிக்கொள்கிறவர் யாரையும் ஏமாற்றவில்லை. பொய்க்கால் குதிரை இருக்கும்போது ‘பொய்க்கவசம்’ ஏன் கூடாது என்று இன்னொரு நண்பர் கேட்டது இதைவிடத் தேவலை. ஆனால் மழை பொய்த்தது என்றும் சொல்கிறோமே, கவசம் பொய்த்தால் நல்லதா? என் ஓட்டு ‘வேடக்கவசம்’. கூத்தில் வேடம் ‘கட்டுவது’தான் வழக்கம். தோளிலும் மார்பிலும் கட்டும் மரக்கட்டை அணிகளால்தான் கட்டைக்கூத்துக்கே அந்தப் பெயர். ‘மாறுவேடம்’ பொருந்தாது. அது ஆளை மறைக்க. இவர்களோ எந்தப் பாத்திரம் என்று பார்த்தவுடன் தெரியவேண்டுமே என்றுதான் ராத்திரி முழுக்க வெட்டுகிறார்கள்.

‘மெய்ம்மறை’யை ஒருவர் எடுத்துக் கொடுத்தார். பதிற்றுப்பத்தில் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்று வரும், கவசத்தைக் குறிக்கும் அழகான சொல். குழந்தை தவழும் பாயை அறுத்துச் செய்ததற்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

காஸ்ப்ளேயை அப்படியே விட்டுவிடலாம். 1983-இல் ஜப்பானில் டக்காஹாஷி நொபுயுகி, காஸ்ட்யூம், பிளே இரண்டையும் கத்தரித்துச் சேர்த்த சொல் அது. நாம் மறுபடி கத்தரிக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது முக்கியமான விஷயம்.

> சூடாக்கி வளைப்பதற்கு ‘வெப்ப உருவமைப்பு’ அல்லது ‘வெப்ப வார்ப்பு’.

வார்ப்பு என்றால் ஏதாவது உருகி அச்சில் ஓடவேண்டும். இங்கே எதுவும் உருகுவதில்லை, உருகினால் வேலை கெட்டது. போன மாதம் மகளின் பள்ளி மாறுவேடப் போட்டிக்கு மார்புக்கவசம் செய்தேன். தரையில் கோத்துப் போடும் பசில் பாய் இரண்டு, ஈவிஏ ஃபோம் என்கிற மெத்தென்ற பிளாஸ்டிக் நுரை, ஒரு செ.மீ. தடிமன். முதலில் அவள் பழைய பனியன் மேல் பேக்கிங் டேப்பைச் சுற்றி, கோடு போட்டு, பனியனோடு வெட்டிப் பிரித்ததில் அளவு கச்சிதமாகக் கிடைத்துவிட்டது. பாயை வெட்டியாயிற்று. ஆனால் அது வளைய மாட்டேன் என்கிறது. வளைத்துக் கையை எடுத்தால் மறுபடி பலகை. ஹேர் டிரையரின் சூடு இந்தத் தடிமனுக்குப் போதவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த மாமியார், “எலைய வாட்டுற மாதிரி வாட்டுங்க மாப்பிள்ள, ஒரே எடத்துல காட்டாதீங்க” என்றார். அவ்வளவுதான் தொழில்நுட்பம்! பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியனின் ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) வாங்கி, ஜன்னலைத் திறந்துவைத்து, ஆட்டி ஆட்டிக் காட்டினேன். மேல்பரப்பு லேசாக மினுமினுக்க ஆரம்பித்ததும் எடுத்துக் குடத்தின் மேல் அழுத்தி, ஆறும்வரை பிடித்துக்கொண்டேன். கையை எடுத்தேன், குடத்தின் வளைவு அப்படியே நின்றது. அந்த மினுமினுப்புக்கு இன்னொரு பலனும் உண்டு. நுண்துளைகள் மூடிக்கொள்வதால் மேலே பூசும் பெயின்டை அவ்வளவாகக் குடிக்காது.

வாழையிலையை வாட்டினால் கிழியாமல் மடியும். மூங்கிலை வாட்டினால் கோணல் நிமிரும். கருகாமல், உருகாமல், சொன்னபடி கேட்கும் அளவுக்குச் சூடு காட்டுவது என்ற பொருள் ஏற்கெனவே அந்தச் சொல்லில் இருக்கிறது. ‘வறுமை வாட்டியது’ என்ற பொருளும் வருமே என்று சிலர் தயங்கலாம். ‘வாட்டி வளைத்தல்’ என்று எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை.

அப்புறம், ஹீட் கன்னுக்குத் தயவுசெய்து ‘வெப்பத் துப்பாக்கி’ வேண்டாம். ‘வாட்டி’ என்று வைக்க ஆசைதான், ஆனால் ‘இன்னொரு வாட்டி வாட்டியால் வாட்டு’ என்று எழுதவேண்டி வரும். ‘அனலூதி’ எப்படி?

> தெர்மாகோலுக்கும் இதே சொல்லா?

இல்லை. தெர்மாகோலுக்குச் சூடு காட்டினால் சுருங்கிப் பொத்தலாகிவிடும், அதை அறுக்கவும் தேய்க்கவும்தான் முடியும். செருப்பு ஒட்டும் பசையையும் அதில் தடவாதீர்கள். என் முதல் தோள்கவசம் கண்ணெதிரே கரைந்து குழியாகிப் போனது. இலங்கையில் ரிஜிஃபோம் என்கிறார்கள், ஆகவே பொதுச்சொல் ஒன்று தேவைதான். அதைத் தனி இழையாகத் தொடங்குங்களேன்.

தோளுக்குக் கூத்துக்காரர்களின் ‘புஜக்கட்டை’யையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. முன்கைக்கு ‘முன்கைக் கவசம்’ போதும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. புதுக் கவசம் பத்துப் போர் பார்த்ததுபோலத் தெரிய, விளிம்பில் வெள்ளிப் பெயின்டை உலர்ந்த பிரஷ்ஷால் தீற்றி, இடுக்குகளில் கறுப்பைத் தேய்த்துத் துடைக்கிறோமே, அதற்கு என்ன சொல்? ‘பழமையேற்றல்’ என்று எழுதிப் பார்த்தேன், அருங்காட்சியகத்தில் ஏற்றியதுபோல இருக்கிறது. மாமியாரிடம் இன்னும் கேட்கவில்லை.