என் பெயரில் உரிமம், நான் இல்லாத இடத்தில் ஃப்யூமிகேஷன்: பொறுப்பு யாருடையது?

கொங்கு_கெமிஸ்ட் கேட்டது:

வணக்கம். எனக்கு வயது 29. பி.எஸ்ஸி. வேதியியல் முடித்து, மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமான மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில் 15 நாள் பயிற்சியும் எடுத்தவன். ஈரோட்டுப் பக்கம் ஒரு பெஸ்ட் கன்ட்ரோல் கம்பெனியில் நான்கு வருடமாக வேலை. முதலாளி பி.காம். படித்தவர் என்பதால், கம்பெனி உரிமத்துக்குத் தகுதியுள்ள ஆளாக என் படிப்பையும் சான்றிதழையும்தான் காட்டியிருக்கிறார். அதற்கென்று சம்பளத்துக்கு மேல் மாதம் 4,000 ரூபாய் தருகிறார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் காங்கேயம் பக்கம் ஒரு அரிசி ஆலை குடோனில் ஃப்யூமிகேஷன், அதாவது மூடிவைத்து நச்சுவாயுவால் பூச்சியைக் கொல்லும் வேலை. நான்கு மூட்டை அட்டிக்கும் பாஸ்பீன் வாயுவை விடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து கவர் போட வேண்டும். அன்று நான் சேலத்தில் கரையான் வேலையில் இருந்தேன். என்னிடம் கேட்காமலே இரண்டு பையன்களை அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவனுக்கு 20 வயது, வேலைக்குச் சேர்ந்து நான்காவது நாள். முகமூடி கிடையாது, ஈரத்துண்டுதான். மாத்திரையைத் தட்டில் வைத்துக் கவரை இழுத்தபோது ஒரு மூலையில் நீளம் போதவில்லை. அவன் மறுபடி உள்ளே குனிந்து போய்த் தள்ளிவிட்டு வந்திருக்கிறான். அரைமணி நேரத்தில் வாந்தி, நெஞ்சு இறுக்கம். மருத்துவமனையில் ‘மத்தியானச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லச் சொல்லியிருக்கிறார் முதலாளி. சலைன் ஏற்றி மாலையே அனுப்பிவிட்டார்கள். இப்போது வேலைக்கு வருகிறான், ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறான்.

அடுத்த நாள் என் மேஜையில் அந்த வேலைக்கான அறிக்கை இருந்தது. கீழே என் கையெழுத்து. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் முன் அவசரத்தில் பத்து வெற்றுத் தாளில் போட்டுக் கொடுத்தேன், அதில் ஒன்று. நான் சேலத்தில் இருந்த நாளில், காங்கேயத்தில் நான் நின்று மேற்பார்வை செய்ததாக எழுதியிருக்கிறது.

கேட்டால், "உரிமம் கம்பெனியுடையது, நீ சம்பளக்காரன், எது வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. சட்டப்படி என் பொறுப்பு எவ்வளவு? வேலையை விட்டு நின்றுவிட்டால் அது தீருமா?

செவிலி_மதுரை:

தம்பி, சட்டத்தை அப்புறம் பாருங்கள். முதலில் அந்தப் பையனை நாளைக் காலையில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரை டியூபின் லேபிளையும் உள்ளே இருக்கும் துண்டுப் பிரசுரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். "பாஸ்பீன் வாயுவைச் சுவாசித்தான், இந்தத் தேதி, இவ்வளவு நேரம்" என்று வாய்விட்டுச் சொல்லி, சீட்டில் அதை எழுதச் சொல்லுங்கள். இ.சி.ஜி., எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த வாயு இதயத்தையும் நுரையீரலையும் பிடிக்கும். சில சமயம் முதல் நாள் ஆள் நன்றாக இருப்பது போலத் தெரிந்து, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோக்கும். அதனால்தான் மாலையே அனுப்பினார்கள் என்று படித்ததும் பதறிவிட்டேன்.

அவசரப் பிரிவில் 11 வருடம் இருந்தவள் நான். தூக்கிவருகிறவர்கள் மருந்தின் பெயரைச் சொல்வதே இல்லை. ‘பூச்சி மருந்து’ என்பார்கள், அல்லது மறைப்பார்கள். மோனோகுரோட்டோபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பரஸ் மருந்து என்றால் அட்ரோபின் கொடுத்து ஆளைக் காப்பாற்ற வழி இருக்கிறது. பாஸ்பீனுக்கு மாற்று மருந்தே கிடையாது. ஆக்சிஜன், இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது, கண்காணிப்பது, இவ்வளவுதான் கையில் இருக்கிறது. அதனால் பெயர் தெரிவது அவ்வளவு முக்கியம். டெல்லி எய்ம்ஸில் நச்சுத் தகவல் மையம் இருக்கிறது, 1800 116 117, மருத்துவர்களும் கூப்பிட்டுக் கேட்கலாம். எண்ணை உங்கள் பையன்கள் எல்லோருடைய போனிலும் ஏற்றிவிடுங்கள்.

துறைமுகத்து_மாரி:

தம்பி, நான் தூத்துக்குடியில் 22 வருடமாக ஏற்றுமதிச் சரக்குக்கு ஃப்யூமிகேஷன் பண்ணுகிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் 2009ல் நானே பண்ணியது ஞாபகம் வந்தது. ஒரு கன்டெய்னரைத் திறந்து, பூண்டு வாடை எதுவும் வரவில்லை என்று உள்ளே ஒரு காலை வைத்துவிட்டேன். கூட இருந்த பெரியவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். மீட்டரை நீட்டிப் பார்த்தால் 8 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 8 பங்கு. வேலை செய்யும் இடத்தில் அனுமதிக்கும் அளவு 0.3. அந்த வாடை பாஸ்பீனுடன் வருகிற அசுத்தத்தின் வாடை. சரக்கும் சாக்கும் அதை உறிஞ்சிக்கொண்டால் வாடை போய்விடும், வாயு நிற்கும். அன்றிலிருந்து மூக்கை நம்பி ஒரு கதவைக் கூட நான் திறந்ததில்லை.

ஈரத்துண்டு விஷயம் எனக்குத் தாங்கவில்லை. இந்த மாத்திரையே ஈரம் பட்டுத்தான் வாயுவை விடுகிறது. 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் பாஸ்பீன் விடும். வியர்த்த கையால் தொட்டாலே ஆரம்பிக்கும். அதைக் கையாளுகிறவன் முகத்தில் ஈரத்தைக் கட்டி அனுப்புவதா? காய்ந்த துணியும் வாயுவைத் தடுக்காது, கொரோனா காலத்து என்95ம் தடுக்காது. முகம் முழுக்க மூடுகிற முகமூடி, பாஸ்பீனை வடிகட்டும் கேனிஸ்டர் குப்பி, அதன் காலாவதித் தேதி. மூன்றும் சரியாக இருந்தால்தான் முகமூடி.

அப்புறம் அந்த மூலை. கவர் நீளம் போதாதது மாத்திரையைத் திறந்த பிறகுதான் தெரிந்தது என்றால், அது பையனுடைய தப்பு இல்லை. எங்களிடம் முறை என்னவென்றால், முதலில் அட்டியை அளந்து, கவரைப் போட்டுப் பார்த்து, மூன்று பக்கமும் மணல் பையால் அழுத்திவிடுவோம். ஒரு பக்கம் மட்டும் தூக்கி வைத்திருப்போம். எத்தனை மாத்திரை, எந்தத் தட்டு எங்கே என்று முடிவான பிறகுதான் டியூபைத் திறப்போம். தூரத்து மூலையில் ஆரம்பித்து வாசலை நோக்கித்தான் வருவோம், மறுபடி உள்ளே திரும்புவதே கிடையாது. கதவில் மண்டை ஓடு போட்ட பலகை, பூட்டு, சாவி என் பாக்கெட்டில். ஆலைக்காரர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் சாவி கைமாறாது.

ஏழு நாள் கழித்துத் தட்டில் மிஞ்சும் சாம்பல் தூளையும் சொல்ல வேண்டும். அதிலும் வேலை முடியாத மருந்து கொஞ்சம் இருக்கும். பல இடத்தில் குப்பையில் கொட்டுகிறார்கள், மூடிய டப்பாவில் போட்டு வண்டியில் எடுத்துப்போகிறார்கள். மூடிய டப்பாவில் வாயு சேர்ந்தால் தீப்பிடிக்கும். உங்கள் கம்பெனியில் அதை யார் செய்கிறார்கள் என்று பாருங்கள்.

ஓய்வு_வேளாண்_அலுவலர்:

பூச்சிக்கொல்லி ஆய்வாளராகப் பல வருடம் இருந்தவன். நீதிமன்றத்திலும் சாட்சி சொல்லியிருக்கிறேன். உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

பூச்சிக்கொல்லி விதிகள் 1971ல் விதி 10, உட்பிரிவு 3ஏ. அலுமினியம் பாஸ்பைடு, மெத்தில் புரோமைடு போன்றவற்றை வைத்துத் தொழில் செய்ய தனி உரிமம் வேண்டும் என்பதும், வேளாண்மையிலோ வேதியியல் ஒரு பாடமாக உள்ள அறிவியலிலோ பட்டமும் 15 நாள் பயிற்சியும் வேண்டும் என்பதும் அங்கே இருக்கிறது. அந்தத் தகுதி எதற்கு? அந்த அறிவுள்ள ஆள் மருந்து திறக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு. உங்கள் பெயரைக் காட்டி உரிமம் வாங்கி, உங்களைச் சேலத்தில் வைத்துவிட்டுக் காங்கேயத்தில் டியூபைத் திறந்தால், அந்த வேலையில் உரிமம் இல்லாதவனுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

"நீ சம்பளக்காரன்" என்று முதலாளி சொன்னதை நம்பாதீர்கள். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 33ஆம் பிரிவு கம்பெனிகள் செய்யும் குற்றத்தைப் பற்றியது. கம்பெனியோடு சேர்த்து, அந்தச் சமயத்தில் தொழில் நடத்தும் பொறுப்பில் இருந்தவரையும் குற்றவாளியாகவே எடுத்துக்கொள்ளும். தப்பிக்க இரண்டே வழி. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்க வேண்டும், அல்லது தடுக்க எல்லா முயற்சியும் எடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்ததற்கு முதல் வழி உங்களுக்கு இருக்கிறது. இனி நடப்பதற்கு அது கிடையாது, இன்று உங்களுக்குத் தெரியும். அதனால் இனி நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் கேட்பார்கள். உயிர் போயிருந்தால் இந்தச் சட்டம் மட்டும் இல்லை, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவும் சேர்ந்து வரும், அலட்சியத்தால் மரணம் விளைவித்தது.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர் பக்கம் நடந்ததைப் படித்திருப்பீர்கள். பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்கள் எலி மருந்து வைத்துவிட்டுப் போன வீட்டில், ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். கம்பெனியின் உரிமம் போனது, வழக்கும் வந்தது. அதற்கப்புறமும் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று கேட்கும்போது மனம் ஆறவில்லை. பூச்சிக்கொல்லிச் சட்டமே மரணத்தில் பிறந்தது. 1958ல் கேரளத்தில், ஒரே கப்பலில் கோதுமை மாவும் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் வந்து, மருந்து கசிந்து மாவில் கலந்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். பத்து வருடம் கழித்துத்தான் சட்டம் வந்தது.

முதலாளியின் கடமையும் விதியில் தெளிவாக இருக்கிறது. வேலைக்கு எடுக்கும் முன் மருத்துவப் பரிசோதனை, பிறகு குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுபடியும், அதற்குப் பதிவேடு (விதி 37). பாதுகாப்பு உடை (39), சுவாசக் கருவி (40), ஆட்களுக்குப் பயிற்சி (42). விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதும் விதி. காட்டினார்கள், ஆனால் பொய் சொல்லிக் காட்டினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அன்று சேலத்தில் இருந்ததற்கான ஆதாரம், பஸ் டிக்கெட், அங்கே வாடிக்கையாளர் கையெழுத்திட்ட தாள், போனில் எடுத்த படம், எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மிச்சம் ஒன்பது வெற்றுத் தாளைத் திருப்பிக் கேட்டு முதலாளிக்குக் கடிதம் எழுதுங்கள். காங்கேயம் வேலையை நான் மேற்பார்வை செய்யவில்லை, இனி நான் நேரில் இல்லாத ஃப்யூமிகேஷனுக்கு என் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கட்டும். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. நகலை உரிமம் கொடுத்த வேளாண்மைத் துறை அலுவலகத்துக்கும் தரக்கட்டுப்பாடு உதவி இயக்குநருக்கும் அனுப்புங்கள். கடிதம் இல்லாமல் சும்மா நின்றுவிட்டால் உங்கள் பெயர் அந்த உரிமத்தில் தொங்கிக்கொண்டேதான் இருக்கும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டது உங்கள் தவறு. அதையும் கடிதத்தில் ஒப்புக்கொள்ளுங்கள், மறைத்தால் மற்றது எதையும் நம்ப மாட்டார்கள். அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

பவானி_விவசாயி:

ஐயா, இடையில் ஒரு சந்தேகம். அப்பா சொந்த வயலில் மருந்து அடிக்கிறார். அவருக்கும் உரிமம் வேண்டுமா?

ஓய்வு_வேளாண்_அலுவலர்:

வேண்டாம். தன் வீட்டுக்கும் தான் பயிரிடும் நிலத்துக்கும் பயன்படுத்துகிறவருக்கு 38ஆம் பிரிவில் விலக்கு உண்டு. சட்டம்தான் விலக்குக் கொடுத்திருக்கிறது, மருந்து கொடுக்காது. 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு அடித்து இறந்தவர்கள் விவசாயிகளும் கூலிக்காரர்களும்தான். லேபிளில் முக்கோணம் சிவப்பா மஞ்சளா என்று அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. காற்று வீசும் திசைக்கு எதிராக அடிக்க வேண்டாம்.

கொங்கு_கெமிஸ்ட்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, பையனை வியாழக்கிழமை கூட்டிப் போனேன். பாஸ்பீன் என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். இ.சி.ஜி.யில் பெரிதாக ஒன்றும் இல்லை, எக்கோவுக்குத் திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். வழியில் அவன் சொன்னது ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. "அண்ணா, அது விஷம் என்று யாரும் சொல்லலை, வண்டுக்கு மாத்திரை என்றுதான் சொன்னாங்க."

ஐயா, கடிதம் எழுதி வழக்கறிஞரிடம் காட்டிவிட்டேன், இரண்டு வரி திருத்தினார். வெற்றுத் தாள் விஷயத்தை அப்படியே ஒப்புக்கொண்டிருக்கிறேன். முதலாளி ஆறு தாளைத்தான் திருப்பிக் கொடுத்தார், மூன்று காணவில்லை என்கிறார். அந்த எண்ணிக்கையையும் எழுதிவிட்டேன். இந்த மாதம் 4,000 ரூபாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாரி அண்ணா, தூளைப் பற்றி நீங்கள் சொன்னதும் குடோனுக்குப் போய்ப் பார்த்தேன். மூடி போட்ட பெயின்ட் டப்பாவில், எலக்ட்ரிக் போர்டுக்குக் கீழே இருந்தது. தொடவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பூட்டி, சாவியைக் கையில் வைத்திருக்கிறேன். அதை எப்படித் திறப்பது, எந்தக் கேனிஸ்டர், தண்ணீரில் எப்படிப் போடுவது என்று நாளைக் காலை 6 மணிக்குள் தனிச் செய்தியில் சொல்ல முடியுமா? 7 மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

துறைமுகத்து_மாரி:

தனியாகத் திறக்காதீர்கள் தம்பி. பூட்டு அப்படியே இருக்கட்டும், மெயின் சுவிட்சை வெளியிலிருந்து அணைக்க முடிந்தால் அணையுங்கள். வாசலில் ஆளை நிறுத்துங்கள், தீயணைப்பு நிலையத்துக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள். என் மீட்டரும் இரண்டு முகமூடியும் வண்டியில் இருக்கின்றன, இன்று ராத்திரியே கிளம்புகிறேன்.