ராக் இசைக்குழு பற்றிய நகைச்சுவைக் குறும்படம்: பையன்கள் நன்றாக வாசிக்கலாமா, கூடாதா?

பாமணிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடியில் நண்பர்கள் சேர்ந்து அரைமணி நேரக் குறும்படம் ஒன்று எடுக்கப் போகிறோம். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் நாலு பையன்கள் ராக் இசைக்குழு ஆரம்பிக்கிறார்கள். சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பெரிய ஆளாக வரவேண்டும் என்று ஆசை. ஊரில் யாரிடம் போய்க் கேட்டாலும் "சினிமாப் பாட்டு வாசிப்பீங்களா?" என்கிறார்கள். முழுக்க நகைச்சுவைதான்.

எங்களுக்குள் இப்போது இரண்டு கட்சி. பையன்களுக்கு வாசிக்கவே தெரியாது, அதுதான் காமெடி என்கிறது ஒரு கட்சி. தந்தி அறுகிறது, மைக் கத்துகிறது, மாடு மிரண்டு ஓடுகிறது, இந்த மாதிரி. எனக்கு அதில் சம்மதம் இல்லை. என் அக்காவும் கதையைக் கேட்டுவிட்டு, "வாசிக்கவே தெரியாதவனுங்க ஜெயிச்சா நமக்கென்ன, தோத்தா நமக்கென்ன?" என்றாள். மேடையில் வாசித்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். சிரிப்பை எங்கே வைப்பது?

அரசலாறு டிரம்ஸ்:

தம்பி, உங்கள் அக்கா சொன்னதுதான் சரி. நான் கும்பகோணத்தில் இன்னிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். மாசி தொடங்கி வைகாசி வரை கோயில் திருவிழா, மற்ற நாளில் கல்யாண வரவேற்பு.

'தட் திங் யூ டூ' என்று ஒரு படம், 1996இல் வந்தது. டாம் ஹாங்ஸ் இயக்கிய முதல் சினிமா. கதை 1964இல், அமெரிக்காவில் ஈரி என்கிற ஊரில் நடக்கிறது. அங்கேயும் சின்னப் பையன்கள்தான். டிரம்மர் கையை உடைத்துக்கொள்கிறான். அப்பாவின் மின்சாதனக் கடையில் வேலை பார்க்கும் பையனை அவசரத்துக்குக் கூட்டி வருகிறார்கள். வாசிக்க வேண்டியது மெதுவான காதல் பாட்டு. கல்லூரிப் போட்டி மேடையில் குச்சியைத் தட்டி எண்ணிக்கை கொடுக்கும்போதே இவன் வேகத்தைக் கூட்டிவிடுகிறான். பாட்டை எழுதிப் பாடுகிறவன் திரும்பித் திரும்பி முறைக்கிறான். கீழே கூட்டம் எழுந்து ஆட ஆரம்பித்துவிடுகிறது! அந்த இடத்தில் நமக்குச் சிரிப்பும் வருகிறது, பாட்டும் பிடித்துப்போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் மீதிப் படம் முழுக்க அந்தப் பையன்கள் கூடவே போகிறோம். ஆடம் ஷ்லெசிங்கர் எழுதிய அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. படத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, எனக்கு ஒரு தடவைகூட அலுத்ததில்லை. பாட்டு சுமாராக இருந்திருந்தால் அந்தப் படம் நின்றிருக்காது.

வேகம் என்றால் என்ன என்று நம்ம பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கும் மல்லாரி கேட்டு வளர்ந்தவர்கள். தவில்காரர் கொஞ்சம் கூட்டினால் தூக்குகிறவர்களின் நடையே மாறுகிறதே. அதனால் நான் சொல்வது இது: உங்கள் டிரம்மரைத் தவில்காரர் வீட்டுப் பையனாக வையுங்கள். ஒரு கையில் விரல் கூடு, இன்னொரு கையில் பூவரசங்கழியோடு அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே பையன் டிரம்ஸ் தட்டுகிறான். எல்லாப் படத்திலும் அப்பா "இது என்ன கூச்சல்" என்பார். உங்கள் அப்பா அதைச் சொல்லவே கூடாது. "ஓடுறடா, காலப்பிரமாணம் நிக்கல" என்று சொல்லட்டும், அதாவது வேகம் ஒரே சீராக நிற்கவில்லை என்று. அவருக்கு ராக் தெரியாது, தாளம் தெரியும். அவர் சொல்கிற குறை உண்மையான குறையாகவே இருக்கட்டும். பையன் அதைத் திருத்திக்கொண்டு மறுநாள் வாசிக்கும்போது பாருங்கள், ஒரு வசனமும் தேவைப்படாது.

சிரிப்புக்கு மேடையைச் சுற்றி வேண்டிய மட்டும் சரக்கு இருக்கிறது. நோட்டீஸில் ஏழு மணிக்குக் கச்சேரி என்று போட்டிருக்கும். புறப்பாடு முடியணும். உபயதாரர் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தணும். ஒருவர் பெயர் விட்டுப்போய்விட்டது என்று சண்டை வரும், அவருக்குத் தனியாக இரண்டு பொன்னாடை. மைக் நம் கைக்கு வரும்போது ஒன்பதே கால். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி அது. சரியாகப் பத்துக்குக் காவலர் மேடைக்குப் பின்னால் வந்து நிற்பார். நடுவில் பிள்ளையார் பாட்டு, அம்மன் பாட்டு, துண்டுச் சீட்டில் எழுதி வரும் நேயர் விருப்பம். இதற்குள் அந்த நாலு பையன்களும் தங்கள் சொந்தப் பாட்டை எங்கே நுழைப்பார்கள்? உங்கள் படத்தின் முடிச்சு இதுதான் என்று நினைக்கிறேன். அந்த முக்கால் மணி நேரத்தை அப்படியே எடுங்கள்.

கதை நடக்கும் மாதத்தையும் பாருங்கள். சம்பா அறுவடை முடிந்து கையில் காசு வந்த பிறகுதான் விழாக் குழுவினர் கச்சேரி பேசுவார்கள். ஐப்பசியில் திருவிழாக் கச்சேரி என்று வைத்தால் நம்ம ஊர்க்காரன் நம்ப மாட்டான்.

பாமணிக்கரை:

அண்ணே, அந்த அப்பா கதாபாத்திரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். படித்ததும் அக்காவிடம் காட்டினேன், அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு சந்தேகம். நடிக்கத் தெரிந்த பையன்களை வைத்து வாசிப்பது மாதிரி எடுக்கலாமா, வாசிக்கிறவர்களையே நடிக்க வைக்கலாமா?

ஓடம்போக்கி சவுண்ட்:

வாசிக்கிறவர்களையே வையுங்கள். ஆலன் பார்க்கர் 1991இல் எடுத்த 'தி கமிட்மென்ட்ஸ்' பாருங்கள். டப்ளின் நகரத்து ஏழைப் பிள்ளைகள் சேர்ந்து சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைவகை) இசைக்குழு நடத்தும் கதை, ராக் இல்லை, ஆனால் படுகிற பாடு ஒன்றுதான். அதில் பெரும்பாலானவர்கள் நடித்துப் பழக்கமில்லாத இசைக்காரர்கள். முன்னணிப் பாடகராக வந்த ஆண்ட்ரூ ஸ்ட்ராங்குக்குப் படப்பிடிப்பின்போது வயது 16. குரலைக் கேட்டால் நம்ப முடியாது. அவர்கள் தங்களுக்குள் போடும் சண்டை அவ்வளவு இயல்பாக இருக்கும்.

திருவாரூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன், அதனால் இன்னொன்று. கேமரா மைக்கை நம்பிப் பாட்டை எடுக்காதீர்கள். மிக்ஸரிலிருந்து தனியாக ஒரு லைன் எடுத்துப் பதிவு பண்ணுங்கள். கூட்டத்தின் சத்தத்துக்கு வேறு மைக். ஜெனரேட்டரை மேடைக்குப் பின்னால் நிறுத்தினால் வசனம் அத்தனையிலும் அந்த உறுமல் ஏறிவிடும். நீளமான கேபிள் போட்டுத் தெருக்கோடியில் நிறுத்தச் சொல்லுங்கள்.

அரசலாறு டிரம்ஸ்:

இவர் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. முதலில் பாட்டை முடியுங்கள், அப்புறம் மற்ற காட்சிகளை எழுதலாம். மெட்டைப் போனில் பதிவு பண்ணி இங்கேயே போடுங்கள், வேகம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன். படப்பிடிப்பை ஆனியில் வைத்துக்கொண்டால் என் டிரம்ஸ் செட் சும்மாதான் இருக்கும். குட்டியானை வாடகை மட்டும் உங்களுடையது.