கலைச்சொல்: நலம்சார் உடல்தகுதியும் அதன் அளவீடுகளும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளுக்காக உடற்கல்விப் பதிவு அட்டை ஒன்று தயாராகிறது. ‘ஹெல்த் ரிலேட்டட் ஃபிசிக்கல் ஃபிட்னஸ்’ என்பதற்குத் தலைப்பில் என்ன போடலாம்? மலையாளத்தில் ‘காயிகக்ஷமத’ என்று முடித்துவிடுகிறார்கள். அதைத் தழுவிக் ‘காயத்தகுதி’ என்று ஒரு பரிந்துரை வந்தது. காயம் என்றால் நம் பிள்ளைகளுக்குப் புண்தான் நினைவுக்கு வரும், உடல் அல்ல. ஆகவே அது வேண்டாம்.

‘உடல்நலம் சார்ந்த உடல்தகுதி’ என்று நீட்டினால் உடல் இரண்டு முறை வருகிறது. ‘நலத்தகுதி’ என்று சுருக்கலாமா? இதில் அடங்குபவை ஐந்து: இதயமும் நுரையீரலும் சேர்ந்து தாக்குப்பிடிப்பது, தசையின் வலிமை, தசையின் தாங்குதிறன், நெகிழ்வு, உடலில் கொழுப்பும் தசை எலும்பு முதலியவையும் கலந்திருக்கும் அளவு. வேகம், சமநிலை, சட்டென்று திசை மாற்றுவது எல்லாம் ஆட்டத்திறன் பக்கம் போகும். அவை இந்த அட்டையில் இல்லை.

நகரியிலிருந்து

சார், ‘நலத்தகுதி’ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நலத்திட்டம், நலவாரியம், நல உதவி என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது உதவித்தொகை பெறும் தகுதியாகக் கேட்கும். ‘உடல்நலத் தகுதி’ என்றாலோ டாக்டர் கையெழுத்திடும் சான்றிதழ்.

அதைவிடப் பெரிய சிக்கல் ‘தகுதித் தேர்வு’. ஆந்திராவில் போலீஸ் வேலைக்குத் ‘தேகதாருட்ய பரீட்சை’, கேரளத்தில் ‘காயிகக்ஷமதா பரீட்சை’, தமிழ்நாட்டில் ‘உடற்தகுதித் தேர்வு’. மூன்றும் ஆளை வடிகட்டுவதற்காக நடப்பவை. பள்ளியில் நாம் செய்வது அதுவல்ல. ஜூனில் ஒரு பிள்ளை எடுத்த எண்ணை ஜனவரியில் அதே பிள்ளை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். அட்டையில் ‘தேர்வு’ என்று இருந்தால் ஓட்டத்தில் பின்தங்குகிற பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கே வராது. எனவே ‘அளவீடு’ என்றே எல்லா இடத்திலும் போடுங்கள். தலைச்சொல்லுக்கு ‘உடல்திடம்’ என்பது என் பரிந்துரை. எங்கள் ஆந்திரப் பக்கத்துத் தெலுங்குக்காரருக்கும் புரியும், வீட்டில் பாட்டி பேசுகிற சொல்லும் கூட.

மூணாறிலிருந்து

‘அளவீடு’ என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ‘உடல்திடம்’ பற்றித் தயக்கம் உண்டு. ஐந்தில் ஒன்று நெகிழ்வு. திடம் என்ற சொல் அதை உள்ளே விடுவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஊன்றிவிட்ட ‘தகுதி’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ‘நலம்சார் உடல்தகுதி’ என்றே வைக்கலாம். கூடவே ஒன்று: உடற்றகுதி என்று புணர்த்துங்கள், அல்லது உடல்தகுதி என்று பிரித்தே எழுதுங்கள். ‘உடற்தகுதி’ இரண்டிலும் சேராது. சிறு பிள்ளைகள் படிப்பதால் பிரித்தெழுதுவதே நல்லது.

தலைப்பைவிட உள்ளே வரும் சொற்களில்தான் ஆபத்து அதிகம். பெயரைப் படித்துத்தான் பிள்ளைகள் செய்கிறார்கள். பெயர் தவறினால் எண்ணும் தவறுகிறது.

‘ஷட்டில் ஓட்டம்’ என்று ஒரே பெயரில் இரண்டு உள்ளன. நான்கு முறை 10 மீட்டர் ஓடித் திரும்புவது திசைமாறும் சுறுசுறுப்பைக் காட்டும். சில நொடிகளில் முடிந்துவிடும். மற்றது, கனடாவின் லூக் லெஜே 1980களில் வகுத்த 20 மீட்டர் ஓட்டம். ஒலிப்பதிவின் ‘பீப்’ ஒலிக்கு ஏற்ப 20 மீட்டர் இடைவெளியுள்ள இரு கோடுகளுக்கு இடையே போய்வர வேண்டும். தொடக்கம் மணிக்கு 8.5 கிலோமீட்டர், நிமிடத்துக்கு 0.5 கூடும். முதல் நிமிடத்தில் ஒரு முறை கடக்க ஏறத்தாழ எட்டரை நொடி கிடைக்கும். ஒலிக்குமுன் கோட்டைத் தொட அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் அங்கேயே நிறுத்திக் கடைசி எண்ணைக் குறிக்கவேண்டும். ஷட்டில் என்று எழுதிவைத்தால் பிள்ளைகள் முதல் ஒலியிலேயே பாய்ந்து ஓடி மூன்றாம் நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். ‘படிவேக ஓட்டம்’ என்று பெயரிட்டால், மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது என்று பெயரிலேயே தெரியும்.

இடைவெளியைக் கயிற்றால் அளக்காதீர்கள். நனைந்த கயிறும் இழுத்துப் பிடித்த கயிறும் ஒரே நீளம் காட்டாது. இரும்பு டேப்பே சரி. சிமெண்டு வராந்தாவில் வேண்டாம், திரும்பும் இடத்தில் வழுக்கும். மூணாறு 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்று மெல்லியது. எங்கள் பிள்ளைகளின் எண்ணைப் பாலக்காட்டுச் சமவெளியோடு ஒப்பிடவேண்டாம். சமவெளியில் மார்ச் வெயிலில் எடுத்ததை ஜூன் எண்ணோடும் ஒப்பிடமுடியாது. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களையும் காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களையும் மருத்துவர் சொல்லாமல் ஓடவிடவேண்டாம்.

‘சிட் அப்’ என்பதையும் நீக்குங்கள். அதைக் கண்டால் ஒருவர் பாதத்தைப் பிடிக்க, மற்றவர் முழுதாக எழுந்து முழங்காலைத் தொடுகிறார். பாதத்தைப் பிடித்தால் வேலையை இடுப்பு மடக்கும் தசைகள் எடுத்துக்கொள்ளும். வயிற்றுத் தசையின் அளவு கிடைக்காது. நமக்கு வேண்டியது ‘அரை எழுகை’. மல்லாந்து படுத்து, முழங்கால் மடித்து, பாதம் தரையில் படிந்து, யாரும் பிடிக்காமல். 10 வயதும் அதற்கு மேலும் என்றால் ஏறத்தாழ 11.5 சென்டிமீட்டர் அகல அட்டைப் பட்டையை விரல் நுனியில் வைத்து, விரல் அதன் மறுவிளிம்பைத் தொடும் வரை எழுந்து, தலை மீண்டும் விரிப்பில் படவேண்டும். மூன்று நொடிக்கு ஒன்று என்று தாளம். நடுவண் அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தின் முறையில் 30 நொடியில் எத்தனை என்று எண்ணுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. ஒரே கட்டத்தில் எழுதக்கூடாது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

டீச்சர், படிவேக ஓட்டமும் அரை எழுகையும் அட்டையில் ஏறிவிட்டன. ‘தண்டால்’ இருக்கட்டுமா? அகாடாவில், அதாவது மல்யுத்தப் பயிற்சிக்கூடத்தில், பழகியவர்கள் உடலை வளைத்து முன்னால் வழுக்கிப் போவதைத்தான் தண்டால் என்பார்கள். நமக்கு முதுகு நேராக, முழங்கை 90 பாகைக்கு மடங்கி எழவேண்டும். ‘நேர்தண்டால்’ என்று போட்டிருக்கிறேன். முழங்காலை ஊன்றிச் செய்வது ‘முழங்கால் தண்டால்’.

அதை வலிமைக் கட்டத்தில் எழுதக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். தசைவலிமை என்பது ஒரே முயற்சியில் தரும் உச்ச விசை. கையால் இறுக்கும் பிடிவலு மானியில் தெரியும். திரும்பத் திரும்பச் செய்வது தசைத் தாங்குதிறன். மானி இல்லாத பள்ளி அந்தக் கட்டத்தைக் காலியாக விடட்டும்.

ஐந்தாவதான கொழுப்பும் தசையும் கலந்திருக்கும் அளவுக்கு ‘உடற்கட்டு’ என்றால் ஜிம் நினைவு வரும், ‘உடற்கூறு’ உடலை அறுத்துப் படிக்கும் பாடம். வேதியியலில் பழகிய ‘இயைபு’ கைகொடுக்கும்: உடலியைபு. உடல் நிறைக் குறியெண் (பி.எம்.ஐ., கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது) என்பது உடலியைபு அல்ல. கொழுப்பையும் தசையையும் அது பிரித்துக் காட்டாது, தோராயமாகச் சொல்லும். உயரத்தை வர்க்கப்படுத்துவதால் சிறு பிழையும் பெரிதாகும். 45 கிலோ, 150 சென்டிமீட்டர் என்றால் 20. குதிகால் தூக்கியதால் 153 என்று படித்தால் 19.2 ஆகிவிடும். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் பட, பார்வை நேராக நிற்கச் சொல்லவேண்டும். பெரியவர்களின் அதிக எடைக்கான 25 என்ற எல்லை பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வயதும் பாலினமும் பார்த்து, இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2015 வரைபடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். எடையை வகுப்பில் உரக்கப் படிப்பது கொடுமை. ஒவ்வொருவராகத் தனியே அழைத்து எழுதுங்கள்.

நகரியிலிருந்து

உடல்திடத்தை விட்டுக்கொடுக்கிறேன். நெகிழ்வு என்ற ஒன்றுக்காகவே அது போகவேண்டும் என்பது சரிதான்.

அந்த நெகிழ்வைப் பற்றியே ஒரு சொல். ‘வளைதிறன்’ என்று யாரும் திருத்திவிடாதீர்கள். உட்கார்ந்து எட்டும் அளவீடு (கால் நீட்டி, பாதத்தைப் பெட்டியில் ஊன்றி, கையால் முன்னால் எட்டுவது) முதுகு வளைவதைவிடத் தொடையின் பின்தசை எவ்வளவு நீளுகிறது என்பதையே அதிகம் காட்டும். வளைவு என்று படித்த பிள்ளை முதுகைக் கூனித் தலையைத் தாழ்த்தும். முழங்கால் தானாக மடங்கும், எண் பொய்யாகக் கூடும். ‘அமர்ந்தெட்டல்’ என்பது என் சொல். உடலைச் சூடாக்கிய பிறகே எடுக்கவேண்டும். வெடுக்கென்று எக்கிய எண்ணைக் குறிக்காதீர்கள், எட்டிய இடத்தில் ஒரு நொடியாவது நிற்கவேண்டும். பெட்டி தச்சர் செய்து தருவதாக இருந்தால் உயரம் 30 சென்டிமீட்டர். பாதம் படும் கோடு சில பெட்டிகளின் அளவுகோலில் 23 சென்டிமீட்டரிலும் சிலவற்றில் 26-லும் இருக்கும். பெட்டி மாறினால் ஒரே பிள்ளைக்கு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அமர்ந்தெட்டல் கட்டத்தின் ஓரத்தில் ‘பாதக்கோடு’ என்று எழுதி, எண் போட இடம் விடுங்கள்.