புதுப்பிப்பு: இந்த முறை உச்சி வரை ஏறிவிட்டேன்

மலை உச்சிக்கு அரை மணி நேரமே இருக்கும்போது மேகம் சூழ்ந்து, பாதை தெரியாமல் திரும்பி வந்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி இது. நேற்று மறுபடி போனேன், ஏறி முடித்தேன்!

அந்தப் பதிவைப் படித்துவிட்டு நீங்கள் சொன்னபடி விடியும் முன்பே கிளம்பியதுதான் பெரிய வித்தியாசம். ஏற எவ்வளவு நேரமாகும் என்பதற்கு ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கைப் பிடித்துக்கொண்டேன்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அதில் ஓய்வு சேராது, அதனால் ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொண்டேன், சரியாக இருந்தது.

கடைசி ஏற்றம் முழுக்க உதிரிக் கல். கூட்டம் வேறு, பின்னால் வருபவர் மேல் கல் உருண்டுவிடக் கூடாதே என்று ஒவ்வோர் அடியையும் அழுத்திப் பார்த்துத்தான் வைத்தேன். உச்சியில் நின்ற ஐந்தே நிமிடத்தில் வியர்த்த சட்டை முதுகில் சில்லென்று ஒட்டிக்கொண்டது (1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்). பையில் வைத்திருந்த மாற்றுச் சட்டைதான் காப்பாற்றியது.

அப்புறம் முழங்கால். இறங்கும்போது ஊன்றுகோலைக் கொஞ்சம் நீளமாக்கி முன்னால் ஊன்றச் சொன்னீர்கள், போன தடவை இருந்த வலி இந்தத் தடவை இல்லை. சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.