டிப்பரில் '3 யூனிட்' என்றால் உண்மையில் எவ்வளவு மண்?

புதுவீடு_திண்டுக்கல்:
வணக்கம். வீட்டு பேஸ்மென்ட் (அஸ்திவாரத்துக்கு மேல் தரை மட்டம் வரை உள்ள பகுதி) நிரப்ப கிராவல் மண் அடித்தோம். அறைகளின் உள்பரப்பு எல்லாம் சேர்த்து 900 சதுர அடி, உயரம் இரண்டரை அடி, ஆக 2,250 கன அடி. யூனிட்டுக்கு 100 கன அடி என்பதால் இருபத்து இரண்டரை யூனிட் போதும் என்று கணக்குப் போட்டேன். லோடுக்கு 3 யூனிட் என்றார்கள், 8 லோடு வாங்கினோம். கொஞ்சம் மிஞ்சும் என்றுதான் நினைத்திருந்தேன். தண்ணீர் விட்டு மெஷின் போட்டு இடித்து முடித்த பிறகு மட்டம் பார்த்தால் எல்லா அறையிலும் அரை அடி குறைகிறது. 24 யூனிட்டுக்குக் காசு கொடுத்து 18 யூனிட்தான் கண்ணில் தெரிகிறது. மீதி 6 யூனிட் எங்கே போனது? அடுத்த வாரம் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வேறு வருகிறது, அதிலும் ஏமாறக் கூடாது.

சைட்_மேஸ்திரி:
வண்டியின் பாடியை அளந்தீர்களா? கொட்டிய பிறகு யாரிடமும் சண்டை போட முடியாது. அதே வண்டி திரும்ப வந்தால் உள்பக்கம் டேப் பிடித்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் போடுங்கள். வெளியே அளந்தால் தகடும் சட்டமும் சேர்ந்து கணக்கு கூடிவிடும்.

புதுவீடு_திண்டுக்கல்:
இன்று பக்கத்துத் தெருவுக்கு அதே வண்டி வந்தது, டிரைவர் அண்ணனிடம் கேட்டு ஏறி அளந்துவிட்டேன். உள்நீளம் 13 அடி, அகலம் ஏழேகால், உயரம் 3. பெருக்கினால் 282.75 கன அடி வருகிறது. மட்டமாகத்தான் நிரப்பிக் கொண்டுவந்தார்கள், கூம்பாக இல்லை.

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
தம்பி, உங்கள் அளவே பதில் சொல்லிவிட்டது. லோடுக்கு சுமார் 17 கன அடி குறைவு, 8 லோடுக்கு ஏறக்குறைய 138. அதாவது வண்டிக்காரர் பக்கம் விடுபட்டது ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. அதைத் தாராளமாகக் கேளுங்கள், கேட்க வேண்டிய காசுதான். ஆனால் மீதி நாலரை யூனிட்டை யாரும் திருடவில்லை. வெட்டி அள்ளிய கிராவல் வண்டியில் பொலபொலவென்று காற்றோடு கிடக்கும், தண்ணீர் விட்டு இடித்தால் அமுங்கும். இடித்த பிறகு 100 கன அடி நிற்க வேண்டுமென்றால் வண்டியில் 125லிருந்து 130 வரை வர வேண்டும். உங்களுக்கு வந்தது 2,262, அதை 1.25ஆல் வகுத்துப் பாருங்கள், 1,810. அறையில் நிற்பது 900 × 2 = 1,800. இவ்வளவு சரியாகப் பொருந்துவதே அபூர்வம். முதலிலேயே 2,250ஐ 1.25ஆல் பெருக்கி 28 யூனிட் சொல்லியிருக்க வேண்டும், அதை உங்கள் இன்ஜினியர் சொல்லாதது தப்பு. இன்னும் இரண்டு லோடு அடியுங்கள், மட்டத்துக்கு வந்துவிடும். அரை அடி அரை அடியாகப் பரப்பி ஒவ்வொன்றையும் தனியாக இடியுங்கள், ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் பின்னால் தரை இறங்கும்.

ஆறுசக்கரம்:
வண்டி வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பாடி கொள்ளுவது வேறு, வண்டி தூக்குவது வேறு. ஒரு யூனிட் கிராவல் நாலரை டன் பக்கம் வரும், எம்-சாண்ட் அதைவிடக் கொஞ்சம் கூட, 20 எம்எம் ஜல்லி நாலேகால் டன் சுமார். ஆறு சக்கர வண்டிக்கு வண்டியோடு சேர்த்து அனுமதி 18.5 டன், வெறும் வண்டி எடை போக பத்து பதினொரு டன்தான் மிச்சம். அதில் 3 யூனிட் ஏற்றினால் ஓவர்லோடு. பிடித்தால் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. ஆகவே ஆறு சக்கரத்தில் வந்து '3 யூனிட் ஃபுல்' என்று யாராவது சொன்னால் ஒன்று அளவு குறைவு, இல்லாவிட்டால் பிரேக் பிடிக்காத அளவுக்குப் பாரம். இரண்டுமே உங்களுக்கு நல்லதில்லை.

அப்புறம் பாடிக்குள் முன்பக்கம் பாடியைத் தூக்கும் ஜாக்கிக்கு ஒரு பெட்டி தடுத்திருக்கும், சில வண்டியில் அடியில் இன்னொரு தகடு போட்டு உயர்த்தியிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கம்பி ஒன்றை மணலுக்குள் அடி தட்டும்வரை நாலைந்து இடத்தில் குத்தி, ஆழத்தின் சராசரியை எடுங்கள்.

புதுவீடு_திண்டுக்கல்:
ஐயா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. எம்-சாண்டை எடை போட்டு வாங்கவா, யூனிட்டில் வாங்கவா?

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
இரண்டிலும் ஈரம்தான் எதிரி. ஈர மணல் உப்பும், அளவில் கால் பங்கு வரை கூடத் தெரியும், அதனால் யூனிட்டில் வாங்கினால் மணல் குறையும். எடையில் வாங்கினால் பத்து டன்னில் 5 சதவீத ஈரம் என்றாலே அரை டன் தண்ணீர். இரண்டில் எடையே மேல். வெறும் வண்டி, லோடு வண்டி இரண்டையும் ஒரே எடை மேடையில், உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். லோடு வந்ததும் ஒரு கை அள்ளி இறுக்கிப் பாருங்கள், உருண்டையாக நின்று உள்ளங்கை நனைந்தால் அன்றைக்கு இறக்காதீர்கள்.